கழுத்தைக் கேட்டுக் கால் தூக்கியவர்

நாவற்குடா வித்தியாசாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் தேகாப்பியாசம் பயிற்றி இன்று இளைப்பாறும் திருவாளர் க. வல்லிபுரம் அவர்களுக்கு உடனாசிரியர்கள் உவந்தளிக்கும் மடல்

அன்பும் அடக்கமும் அணியெனப் பூண்ட ஆசிரியப் பெருந்தகையீர்!

மடல் வரைந்து பழகாத எங்கள் சொற்களிற் குற்றமிருப்பின், பெரியமனங் கொண்டு பொறுத்தருள வேண்டுகின்றோம்.

விடியற்காலை வாவிக்கரையில், சிரசாசனத்தில் நின்றபடியே கால்களைப் பதுமாசனமாய் மடக்கும் அரிய நிலையைத் தாங்கள் காட்டினீர்கள். கண்ட மாத்திரத்தே அதனைச் செய்யத் துணிந்த எங்களைக் கனிவுடன் தடுத்தீர்கள். மடித்த சமுக்காளத்தில் உச்சியை மெல்ல ஊன்றி, உடற்பாரத்தை முன்கைகளில் ஏற்றி, நீட்டிய கால்கள் அசையாது நிற்கப் பழகிய பின்னரே மடக்குக என்றீர்கள். உண்ட வயிற்றுடன் ஆகாது, மூச்சை அடக்கலாகாது, கழுத்திற் கடுகளவு நோவு தோன்றினும் இறங்குக என்றீர்கள். துள்ளி ஏறியவரைத் தாங்கள் மெச்சியதேயில்லை. தயங்கி இறங்கியவரையே தட்டிக்கொடுத்தீர்கள்!

அத்தகைய தங்களைக் கேளாமலே, இவ்விழாவில் அந்நிலையைக் காட்டுவீர்கள் என நோட்டீசு அச்சிட்டு மட்டக்களப்பெங்கும் வழங்கிவிட்டோம். கழுத்து நோவினால் தங்கள் இடக்கை மரத்திருப்பதை யாம் அறிந்திலோம். சென்ற கிழமை ஆசிரியர் அறையிலே, கணித ஆசிரியர் முத்தலிப் அவர்கள், "ஊரே வருது மாஸ்டர், ஒரு நிமிசம் நிண்டாப் போதுமே!" என்று வேண்டினார்.

"ஆசை ஓம் எண்டுது தம்பி, கழுத்துத்தான் ஏலா எண்டுது. கழுத்தக் கேட்டுத்தானே நான் கால் தூக்கிற," என்றீர்கள்.

"அப்ப நோட்டீசு?" என்றார் அவர்.

"அதில உள்ள என்ட பேரத் தலகீழாப் பிடிச்சிப் பாருங்க, காட்சி முடிஞ்சிது!" என்றீர்கள் தாங்கள்.

எல்லோரும் நகைத்தோம், எனினும் உள்ளூர வாடினோம். பின்னரே சிந்தித்தோம். புகழ்ந்து கூடும் அவையின் முன்னே 'இயலாது' என இயம்புதல், கால் மேலாய் நிற்றலினும் கடினமன்றோ! எங்களுக்கு விதித்ததைத் தாங்களும் வழுவாது காத்தீர்கள். இதனினும் சிறந்த காட்சியை யாம் எங்ஙனம் வேண்டுவோம்!

ஆதலின், காட்சி காண வந்திருக்கும் கனவான்களே, தாய்மாரே! ஐயா அவர்களை வற்புறுத்தாதீர்கள் என இருகரங் கூப்பி இரக்கின்றோம்.

ஐயா! நோவும் மரப்பும் நீங்கி, நெடுங்காலம் நிமிர்ந்து நடந்து, நிறைவுடன் வாழ்வீர்களாக! இம்மடல் முடிந்ததும் எவரேனும் கைதட்டி அழைத்தாலும், அமர்ந்த கதிரையை விட்டு எழாதிருந்தருள்க. பாரமில்லாத மாலையொன்று கட்டியிருக்கின்றோம். நாங்களே அருகில் வந்து அணிவிப்போம்.

தங்களோடு பணிசெய்யும் பேறுபெற்ற
ஆசிரியர் குழாத்தினர்
நாவற்குடா, மார்கழி 1938