அண்ணிக்கு நான் ஒண்ணுமே வாங்கல

...வார்த்தைன்னு ஒண்ணு கொடுத்தா அதுல நிக்கணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க சார். இல்ல, இப்ப சொல்லாதீங்க. தாடையை இதுமேல வைங்க, நெத்தியை அந்தப் பட்டையில ஒட்டிக்குங்க. வாயைத் திறந்தா தாடை அசையும், தாடை அசைஞ்சா மெஷின் கண் பவரைத் தப்பா காட்டும். நான் பேசலாம். அதனால ஒண்ணும் ஆகாது.

எங்க அண்ணியைத்தான் சொல்றேன். கூடப்பிறந்த அண்ணனோட சம்சாரம். பார்த்தா அவ்வளவு சாது. பள்ளிக்கூட லைப்ரரியில வேலை, அதனால வீட்டுலயும் மெதுவாத்தான் பேசுவாங்க. அப்படிப்பட்டவங்க எனக்குத் தெரியாம இப்படி ஒரு காரியம் பண்றாங்கன்னா... உள்ள ஒரு வீட்டுப் படம் தெரியுதா? அதையே பாருங்க. மங்கும், அப்புறம் தெளியும். ம்... சரி, எடுத்துக்கலாம். இப்ப அந்த நாற்காலிக்கு வாங்க.

நான் முதல்லேர்ந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு நியாயம் புரியும். போன கிறிஸ்துமஸுக்கு நாங்க பதினேழு பேருக்குப் பரிசு வாங்கினோம் சார். பதினேழு. கடையில ரெண்டு மாசம் வந்த லாபம் அப்படியே போச்சு, மிச்சத்துக்குக் கார்டைத் தேய்ச்சேன். அந்தத் தவணை முடிய ஜூன் ஆச்சு. சரி, வாங்கினதுதான் என்ன, உருப்படியா ஏதாவது? எங்க சித்திக்கு நான் ஒரு வாசனை மெழுகுவர்த்தி கொடுத்தேன். சித்தி எனக்கு ஒரு வாசனை மெழுகுவர்த்தி கொடுத்தாங்க. அதே கடை, அதே வாசனை. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு நூறு ரூபா நோட்டை மேஜைமேல வெச்சு மாத்திக்கிட்டிருந்தா சுத்தற காகிதமாவது மிஞ்சியிருக்கும்.

இந்த ஃபிரேமை மாட்டறேன், கொஞ்சம் கனமாத்தான் இருக்கும். இது டெஸ்டுக்கு மட்டும், இதைத்தான் போட்டுக்கிட்டுப் போகணுமோன்னு பயப்படாதீங்க. இடது கண்ணை மூடிட்டேன். மேல் வரி படிங்க. சரி. அடுத்தது? சரி. அதுக்குக் கீழ? அது ஒன்பது இல்ல சார். பரவாயில்ல, அதுக்குத்தான வந்திருக்கீங்க.

அதனால இந்த வருஷம் அக்டோபர்லயே நான் அண்ணிக்கு போன் போட்டேன். நான்தான் போட்டேன், அதையும் கவனிச்சுக்குங்க. "அண்ணி, பெரியவங்களுக்குள்ள இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாம். உங்க பிள்ளைங்க ரெண்டு, என் பொண்ணு ஒண்ணு, மூணுக்கும் மட்டும் ஏதாவது சின்னதா வாங்குவோம்"னேன். அண்ணி "நிஜமாத்தான் சொல்றியா"ன்னாங்க. ஆமான்னேன். மறுபடியும் "நிஜமாத்தான?"ன்னாங்க. குரலே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏமாத்தம் போலன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா சரின்னு ஒத்துக்கிட்டாங்க. ஒத்துக்கிட்டாங்களா இல்லையா? அதுதான் எனக்கு வேணும்.

எங்க வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். பின்னாடி ரூம்ல லென்ஸ் தீட்டறாரே, அந்தச் சத்தம், அவருதான். அன்னிக்கே ஒரு தாள்ல கோடு போட்டு பட்ஜெட் எழுதி ஃபிரிட்ஜ்மேல ஒட்டிட்டாரு. பிள்ளைங்க மூணுக்கும் இவ்வளவு, அம்மாவுக்கு இவ்வளவு, கடையைப் பெருக்கற அக்காவுக்கு இவ்வளவு, பக்கத்து மருந்துக்கடைக்காரி என் சிநேகிதி, அவளுக்கு இவ்வளவு. மொத்தம் ஆறாயிரம். அடியில ரெண்டு கோடு. அந்த ரெண்டாவது கோட்டை எனக்காகவே அழுத்திப் போட்டிருந்தாரு.

இப்ப பாருங்க, இதுல தெளிவா இருக்கா, இல்ல... இதுலயா? முதல்ல போட்டதா, ரெண்டாவதா? ஒண்ணு போலத்தான் இருக்கா. சரி, அப்ப விடுங்க.

ஆறாயிரத்துல நானும் நின்னேன் சார். நவம்பர் வரைக்கும் நின்னேன். அப்புறம் பஸ்ஸ்டாப் பக்கத்துல ஒரு துணிக்கடையைக் காலி பண்றாங்கன்னு பாதி விலைக்குப் போட்டிருந்தான். நல்ல கம்பளிச் சால்வை, அடர் நீலம், ஓரத்துல மட்டும் மெல்லிசா சிவப்பு. அண்ணி நிறத்துக்கு எடுப்பா இருக்கும். வாங்கிட்டேன். பரிசுன்னு வாங்கல, அதை நல்லா புரிஞ்சுக்கணும். ஒருவேளை அன்னிக்கு அவங்க கையில ஏதாவது இருந்து, நான் வெறுங்கையோட நின்னா? ஒரு முன்னெச்சரிக்கை, அவ்வளவுதான். அவங்க கொடுக்கலேன்னா நானும் எடுக்கமாட்டேன், பீரோவுலயே கிடக்கும். அதுல என்ன தப்பு? என்ன சார், சிரிக்கிறீங்களா? ஃபிரேம் ஆடுதேன்னு கேட்டேன்.

யார்கிட்டயும் மூச்சு விடல. அம்மாகிட்ட மட்டும் சொன்னேன், அம்மாகிட்ட சொல்றது சேர்த்தியா?

பத்து நாள் கழிச்சு சித்தி போன். மெழுகுவர்த்தி சித்திதான். "ஏண்டி, உங்க ரெண்டு வீட்டுலயும் பரிசு கிடையாதுன்னு பேச்சாமே. ஆனா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தி ரகசியமா வாங்கி வெச்சிட்டாளாமே"ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "யாரு சித்தி?"ன்னேன். "பேரை மட்டும் சொல்லமாட்டேங்கறா உங்கம்மா, அதான் உன்கிட்டயே கேக்கறேன்"னாங்க. எங்கம்மா ரகசியத்தைப் பாதிதான் காப்பாத்துவா, அது குடும்பத்துக்கே தெரியும். நான் யோசிச்சேன். ரெண்டு பேர்ல ஒருத்தின்னா? அண்ணிதான. வேற யாரு இருக்கா?

வலது கண்ணை மூடறேன் இப்ப. மேலேர்ந்து படிங்க. இது பரவாயில்லையே. இடது கண்ணு நல்ல கண்ணு உங்களுக்கு.

அன்னிக்கு சாயங்காலமே போய் ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். பின்ன? அவங்க முன்கூட்டியே திட்டம் போட்டு வாங்கியிருக்காங்கன்னா பெருசாத்தான் வாங்கியிருப்பாங்க. அதுக்கு நான் பாதி விலைச் சால்வையை நீட்டினா என் மானம் என்னாறது? பட்ஜெட்ல கை வைக்காம முடியல. மருந்துக்கடைக்காரி பேரை அடிச்சேன். பெருக்கற அக்காவுக்கு எழுதினதைப் பாதியாக்கினேன். அதெல்லாம் சேர்ந்தும் கடிகாரத்தோட வாரைத்தான் வாங்கலாம், அதனால மிச்சத்துக்கு மறுபடியும் கார்டு. அதுலயும் பாருங்க என் நேரம், மறுநாள் காலையில அந்த மருந்துக்கடைக்காரி சிரிச்சுக்கிட்டே வந்து எனக்கு ஒரு பொட்டலத்தைக் கொடுத்துட்டுப் போறா. கிறிஸ்துமஸ் நெருக்கத்துல கூட்டமா இருக்குமாம், அதனால முன்னாடியே கொடுக்கறாளாம். அன்னிலேர்ந்து அவ கடை ஷட்டர் மூடற சத்தம் கேட்டப்புறம்தான் நான் வீட்டுக்கே கிளம்பறேன்.

பச்சைக் கட்டத்துல எழுத்து கருப்பா தெரியுதா, சிவப்புல கருப்பா தெரியுதா? ரெண்டும் ஒண்ணா இருக்கணும். சிவப்பா? அப்ப கால் பவர் மாத்தறேன்.

சரி, வெறும் சந்தேகத்துல பேசறேன்னு நீங்க நினைக்கக்கூடாது. நான் நேர்லயே போய்ப் பார்த்தேன். பிள்ளைங்க செருப்பு அளவு கேக்கற சாக்குல அண்ணி வீட்டுக்குப் போனேன். அவங்க அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, கம்மல் விழுந்துடுச்சுன்னு படுக்கையறையில குனிஞ்சேன். கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி சார். இவ்வளவு பெருசு. நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மேல ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடி. இழுத்துப் பார்த்தேன், அசையல. அவ்வளவு கனம். அந்த நேரம் பார்த்து எங்க அண்ணன் உள்ள வந்துட்டான். வேலை நாள்ல மத்தியானம் மூணு மணிக்கு இவன் வீட்டுல என்ன பண்றான்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல. என் கவலையெல்லாம் பெட்டியில. "கம்மல்"னேன். அவனும் பாவம் கூடவே குனிஞ்சு தேடினான். ரெண்டு கம்மலும் என் காதுலதான் இருந்துச்சு.

மறுநாள் காபி மெஷின் வாங்கினேன். பொத்தானை அமுக்கினா நுரையோட ஊத்தும். விலையைக் கேக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு இன்னும் கேக்கல. பின்னாடி ரூம்ல லென்ஸ் கழுவற மருந்து அட்டைப்பெட்டிக்கெல்லாம் பின்னாடி இருக்கு. அவரு கைக்கு எட்டற தூரத்துலதான்.

இதுக்கு மேலயும் கேளுங்க. போன ஞாயித்துக்கிழமை கடைத் திரையை வெளுக்கப் போட சலவைக்கடைக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னாடி யாரு? எங்க அண்ணி. துணியில நம்பர் சீட்டு குத்திக்கிட்டு நிக்கறாங்க. லைப்ரரியில வேலை பார்க்கறவங்க, ஞாயித்துக்கிழமை, அடுத்தவங்க சட்டைக்கு நம்பர் குத்தறாங்க. என்னைப் பார்த்ததும் முகம் சிவந்து போச்சு. "சும்மா, ஒரு ரெண்டு மாசத்துக்கு"ன்னாங்க. திரையை வாங்கி மடிச்சு, எனக்கு ரசீது கொடுத்தாங்க. கை குளிர்ல வெடிச்சிருந்துச்சு. எனக்கு ஆத்திரமா வந்துச்சு சார். என்னை ஜெயிக்கணுங்கறதுக்காக ஒரு மனுஷி ஞாயித்துக்கிழமைகூட ஓயாம இப்படியா...

ஒரு நிமிஷம். போன் அடிக்குது. பார்த்தீங்களா, அவங்களேதான். நூறு ஆயுசு. அசையாம இருங்க, ரெண்டே நிமிஷம்.

சொல்லுங்க அண்ணி. ...இல்ல, கடையிலதான், ஒருத்தருக்கு டெஸ்ட் பண்ணிக்கிட்டிருக்கேன், பரவாயில்ல சொல்லுங்க. ...ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைப் பார்த்துக்கணுமா? பார்த்துக்கறேன், அதுக்கென்ன. ஏன், அண்ணன் எங்க போறான்? ...இன்டர்வியூவா? ...எந்த இன்டர்வியூ? ...எப்பலேர்ந்து அண்ணி? ...ஏன் எங்ககிட்ட சொல்லல? ...ம். ...ம். ...கட்டிலுக்கு அடியிலயா? இல்ல, நான்... ஆமா, அன்னிக்குக் குனிஞ்சேன். கம்மல். ...அதுக்கெல்லாம் எதுக்கு அண்ணி நன்றி. ...சித்தியா? சித்தி என்ன சொன்னாங்க? ...அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க? ...

இல்ல அண்ணி. நான் ஒண்ணுமே வாங்கல. ...சத்தியமா. ...ம். பிள்ளைங்களைச் சனிக்கிழமை ராத்திரியே கொண்டாந்து விடுங்க. அண்ணனை நல்லா சாப்பிடச் சொல்லுங்க. வெச்சிடறேன்.

...

சார், எந்த வரியில இருந்தோம்?

அண்ணன் வேலை பார்த்த அச்சகத்தை செப்டம்பர்லயே மூடிட்டாங்களாம். அந்தப் பெட்டியில இருக்கறது அவன் மேஜைச் சாமான். பதினெட்டு வருஷத்துச் சாமான், தினமும் கண்ல படவேண்டாம்னு கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சிருக்காங்க. அதைத்தான் நான் இழுத்துப் பார்த்திருக்கேன். சலவைக்கடையில வர்றது கரண்டு பில்லுக்காம். நான் அக்டோபர்ல போன் பண்ணி பரிசு வேண்டாம்னு சொன்னப்ப, அண்ணிக்கு நம்பவே முடியலையாம். உங்களுக்கு வாங்க எங்ககிட்ட இல்லைன்னு எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேரும் ஒரு மாசமா முழிச்சுக்கிட்டிருந்தாங்களாம். "நீ சொன்ன அன்னிக்குத்தான் உங்க அண்ணன் நல்லா தூங்கினாரு"ங்கறாங்க.

சித்தி அவங்களுக்கும் போன் போட்டு, ரெண்டு பேர்ல ஒருத்தி வாங்கிட்டாளாமேன்னு கேட்டிருக்காங்க. அண்ணி சித்தியோட சண்டையே போட்டுட்டாங்களாம் சார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவங்க. "என் நாத்தனா சொன்ன சொல்லை மாத்தமாட்டா, அவளைப் பத்தி இனிமே இப்படிப் பேசாதீங்க"ன்னு.

அந்த ஒருத்தி நான்தான். நான் அம்மாகிட்ட சொன்னது, அம்மா சித்திகிட்ட சொல்லி, சித்தி என்கிட்டயே கொண்டாந்து கொடுத்திருக்காங்க. அதைக் கேட்டுத்தான் நான் பயந்து பயந்து வாங்கியிருக்கேன். அண்ணி ஒரு கைக்குட்டைகூட வாங்கல. இத்தனை நாளா நான் ஒருத்தியே தனியா போட்டி போட்டு, தனியா மூச்சு வாங்கிக்கிட்டிருக்கேன்.

எதுக்கு சார் எழுந்திரிக்கிறீங்க? இருங்க, இப்படி நடுவுல ஃபிரேமைக் கழட்டக்கூடாது... கழட்டிட்டீங்களா. சரி, கொடுங்க. மிச்சம் நாளைக்கா? நாளைக்கும் வாங்க, வேண்டாங்கல. ஆனா ஒண்ணு. இப்ப என் வீட்டுல, கடையில, எங்கயுமே ஒண்ணும் இருக்கக்கூடாது. ஒண்ணுமே வாங்கலன்னு சத்தியம் பண்ணிட்டேன், கேட்டீங்கல்ல? சனிக்கிழமைக்குள்ள அதை உண்மையாக்கணும். துணிக்கடைக்காரன் கடையையே காலி பண்ணிட்டுப் போயிட்டான். கடிகாரத்துக்கு ரசீதைத் தொலைச்சிட்டேன். அந்தக் காபி மெஷின் விஷயத்துல, வித்த பொருளைத் திரும்ப வாங்கமாட்டோம்னு கடை வாசல்லயே எழுதிப் போட்டிருக்கான், நான்தான் அதையெல்லாம் படிக்கற ஆளா?

நீங்க கண்ணியமான ஆளா தெரியறீங்க. உங்க வீட்டுலயும் யாருக்காவது பரிசு கொடுக்கணும்ல? தங்கச்சி, மச்சினி, யாராவது? அட்டைகூடப் பிரிக்கல. நான் கொடுத்த விலையில முக்கால்வாசி கொடுங்க போதும். சரி, பாதி. கண்ணாடிக்கும் ஃபிரேமுக்கும் சேர்த்து ஒரு நல்ல தொகையா போட்டுத் தர்றேன், எங்க வீட்டுக்காரருக்குக் கேக்காம கொஞ்சம் மெதுவா பேசுவோம். சார், உங்க வீட்டுல யாராவது காபி குடிப்பாங்களா?

சார்...

சார், அந்தக் கதவைத் தள்ளாதீங்க. இழுக்கணும்.