நாக்கால பாத்த கல்லு

அந்தச் சாக்க மட்டும் தொடாதீங்க சார். மத்ததெல்லாம் பாருங்க. சோதனைக்குக் கல்லு எடுக்க வந்தேன்னு சொல்றீங்க, சரி. யாரு அனுப்புனா? முதலாளியா? அவரு அனுப்பியிருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரே. எதுத்தாப்ல இருக்கிற செங்கல் சூளைக்காரர் இல்லையே? ஒண்ணுமில்ல, ஷூ பளபளன்னு இருக்கு. இந்தப் பட்டறைக்கு வர்றவங்க ஷூ இப்படி இருந்து நான் பாத்ததில்ல.

கோவிச்சுக்காதீங்க, உக்காருங்க. ஐயோ, அந்த அடுக்குல வேணாம். நேத்து போட்ட கல்லு, ஈரம் காயல.

ஆமா, கரும்புச் சக்கைதான். ஆலையில சாறு பிழிஞ்சுட்டு வீசுறது. அதை நாரா கிழிச்சு, சிமெண்ட் மணலோட கலந்து அச்சுல போடுறோம். சிரிக்காதீங்க சார். சாதாக் கல்லு கீழ விழுந்தா ரெண்டா போயிடும். இது விரிசல் விட்டாலும் உள்ள நாரு பிடிச்சுக்கிட்டு நிக்கும். என் தங்கச்சி வீடே இந்தக் கல்லுதான். அவ வீட்டுக்காரருக்கு இஷ்டமே இல்ல. நான்தான் ஒத்தக் கால்ல நின்னு கட்ட வெச்சேன்.

ரகசியமெல்லாம் ஒண்ணும் கிடையாது. சக்கையில இனிப்பு நிக்கக் கூடாது, அவ்வளவுதான். கொஞ்சம் நின்னாலும் சிமெண்ட் சரியா இறுகாது. மூணு தடவை தண்ணி மாத்தி ஊற வெச்சு, ஒரு நாரை வாயில போட்டு மென்னு பாப்போம். இனிச்சா திரும்பத் தொட்டிக்குப் போகணும். சப்புன்னு இருந்தா கலவைக்கு. அந்த வேலை பதினோரு வருஷமா என்னுது. இங்க எல்லாருக்கும் நான் நாக்கு அக்கா. இதை எதுக்கு எழுதுறீங்க? பேனாவ மூடுங்க, அப்பதான் பேசுவேன்.

நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு லோடு சரியா வரல. ரெண்டு நாள் ஆகியும் நகத்தால கீறினா பொடி உதிர்ந்துச்சு. சிமெண்ட்ல கலப்படம்னு டீலரை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். கலவை போடுறவன் தண்ணி மாத்தாம ஏமாத்திட்டான்னு அவனையும் விடல. பெத்த புள்ள மேல சத்தியம் பண்ணான், பாவம். ஒரு வாரத்துல மேலாப்ல இறுகிடுச்சு. ஏத்தி அனுப்பிட்டோம்.

ஏன் சார், உங்க மிஷின்ல வெச்சு அழுத்தினா கல்லு எவ்வளவு தாங்கும்னு சரியாச் சொல்லிடுமா? சாயங்காலமே தெரிஞ்சுடுமா?

அப்ப அந்தச் சாக்க எடுத்துக்குங்க. முதலாளி காதுக்குப் போக வேணாம், எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. தங்கச்சி வீட்டுல மிஞ்சின கல்லு. அந்த லோடு அங்கதான் போச்சு. கூரையும் போட்டாச்சு. புள்ளைங்க அந்தச் சுவரோரமாத்தான் படுக்குதுங்க.

அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் சார். காலையில குடிச்ச காபியே வெந்நி மாதிரி இருந்துச்சு. நாரை மென்னுட்டு, இனிக்கல, கலவையில கொட்டுங்கடான்னு நான்தான் சொன்னேன்.