'பழுதான' என்ற ஒரு சொல்

என் பெயர் சேட்டு, வயது 57, தகப்பனார் பெயர் வேதாசலம். விழுப்புரம் மாவட்டம், மரக்காணம் வட்டம், கூனிமேட்டுக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டு, சொந்தமாக உப்பளம் நடத்தி வருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. இந்த வழக்கில் கைதாகியிருக்கும் பூவிழி எனக்கு உறவும் இல்லை, வேண்டியவரும் இல்லை. அவருடைய கம்பெனியில் பணம் போட்டவன், அவ்வளவுதான்.

பூவிழி வானூரைச் சேர்ந்தவர். வெளியூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து 'அளம் பயோடெக்' என்ற சிறு கம்பெனியை ஆரம்பித்தார். அவர் செய்த கருவி ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வில்லை. அதை மேல்கையில் ஒட்டிக்கொண்டால், விரலில் குத்தாமலே ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பது செல்போனில் தெரியும், அளவு அதிகமாக ஏறினாலோ இறங்கினாலோ செல்போன் கத்தும் என்று சொன்னார். வானூரில் உரக்கடை வைத்திருக்கும் பிரபாகரன்தான் என்னையும் இன்னும் சிலரையும் அதில் பணம் போட வைத்தார். தினம் விரலில் குத்திக் குத்தி எனக்கு அலுத்துப் போயிருந்ததால் நானும் போட்டேன்.

போட்ட மறுநாளே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் ஏற்கெனவே ஈமு கோழிப் பண்ணையில் பணம் போட்டுச் சூடு பட்டவன். உப்பு ஏற்ற வரும் லாரிக்காரன் சொல்லும் எடையைக்கூட வேறொரு எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வேன். அதன் பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு பூவிழி அந்தக் கருவியை எங்களுக்குக் காட்டினார். வில்லை ஒட்டியிருந்த ஆள் நாற்காலிக் கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே, சர்க்கரை இறங்கிவிட்டது என்று செல்போன் கத்தியது. வில்லை அழுந்தினால் சில நேரம் அப்படிக் காட்டும் என்று பூவிழி விளக்கம் சொன்னார். "சாஞ்சா கத்துது, நிமுந்தா நிக்குது. இது சக்கரை பாக்குற மெஷினா, காலிங் பெல்லா?" என்று நான் கேட்டேன். மண்டபமே சிரித்தது. அந்தப் பெண்ணின் முகம் சிறுத்துப் போனது. அதற்கு அன்று நான் வருத்தப்படவில்லை.

அதன் பிறகு கம்பெனிக்கு இன்னும் பணம் தேவைப்பட்டது. ஏசி ரூமில் எல்லாம் ஓடும், வெயிலிலும் உப்புக்காற்றிலும் ஓடினால்தான் மேற்கொண்டு பணம் என்று நாங்கள் சொல்லிவிட்டோம். என் உப்பளத்திலேயே வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். என்னிடம் வேலை செய்யும், சர்க்கரை உள்ள பெண்கள் சிலர் வில்லை ஒட்டிக்கொள்ள முன்வந்தார்கள். திரௌபதி, சாலம்மாள் இருவரும் அதில் உண்டு. இடையில் யாரும் எதுவும் செய்து முடிவை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக, சோதனை முடியும் வரை அவர்களுக்குத் தண்ணீர் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது என்றும், விரலில் குத்திச் சரிபார்ப்பது புதுச்சேரியிலிருந்து நாங்கள் கூப்பிடும் லேப் ஆள் தேவா மட்டும்தான் என்றும் பிரபாகரனும் நானும் நிபந்தனை போட்டோம். வேலை செய்கிறவர்களைப் பட்டினி போடக் கூடாது என்று பூவிழி சொன்னார். அவர்கள் விடியற்காலையில் கொண்டுவரும் கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் பாத்தியில் இறங்குவார்கள் என்று நான் சொன்னேன். என் உப்பளத்தில் எத்தனையோ வருடமாக அதுதான் வழக்கம் என்பதால் நான் யாரையும் விசாரிக்கவில்லை.

சம்பவத்தன்று காலையில் பெண்கள் வழக்கம்போல் பாத்தியில் இறங்கி உப்பு வாரினார்கள். பூவிழி, பிரபாகரன், நான் மூவரும் கொட்டகையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தேவா இன்னும் வந்து சேரவில்லை. வெயில் ஏறிய பிறகு, சர்க்கரை இறங்கிவிட்டது என்று திரௌபதியின் பெயரில் செல்போன் கத்தியது. உடனே பூவிழி எழுந்து, விரலில் குத்திப் பார்க்க வேண்டும் என்று தன் மீட்டரை எடுக்கப் பையைத் திறந்தார். "உங்க மெஷின் சரியான்னு உங்க மெஷினையே வெச்சுப் பாப்பீங்களா?" என்று நான் கேட்டேன். தேவா வரட்டும் என்று பிரபாகரனும் சொன்னார். பூவிழி பையை மூடிவிட்டார்.

அதன் பிறகும் அது விடாமல் கத்தியது. திரௌபதி உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகை ஓரம் வந்து, "மொதலாளி, கண்ணு இருட்டிக்கினு வருது. ஒரு டீத்தண்ணி குடுங்க" என்று கேட்டார். அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. சித்திரை வெயிலில் என் உப்பளத்தில் வேர்க்காத ஆள் கிடையாது. இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செல்போன் கத்துவதும் இந்தம்மா டீ கேட்பதும் சேர்ந்து வந்ததால், பூவிழியும் திரௌபதியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறார்கள் என்று நான் நினைத்தேன். அதனால், "டெஸ்ட் முடியட்டும் திரௌபதி. அது வரைக்கும் நெழல்ல உக்காரு" என்று சொல்லிவிட்டேன்.

திரௌபதி கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். சாய்ந்ததைக் கண்டதும் பிரபாகரன், "பாத்தீங்களா, மண்டபத்துல கத்துன மாதிரியேதான். முதல்ல அந்த சவுண்ட நிறுத்துங்கம்மா" என்றார். பூவிழி செல்போனையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார், அதன் பிறகு சத்தத்தை நிறுத்தினார். நிறுத்தியது அவர் விரல்தான், அதை நான் மறைக்கவில்லை. தான் செய்த கருவியை அவரே நம்பாமல் விட்டது அவர் தப்பு. ஆனால் அவரை நம்பவிடாமல் செய்தவர்கள் நாங்கள்.

தேவா வந்து இறங்கியபோது திரௌபதியின் தலை தொங்கியிருந்தது. தேவா அவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "சக்கரை, சக்கரை கொண்டாங்க!" என்று கத்தினார். பூவிழியின் செல்போனில் இருந்த அளவும் தேவாவின் மீட்டர் காட்டிய அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். அதற்குள் திரௌபதியால் விழுங்க முடியவில்லை. வாயில் விட்ட சர்க்கரைத் தண்ணீர் புடவையில் வழிந்தது. அதன் பிறகு என் காரிலேயே அவரைப் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வழி முழுவதும் பூவிழி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான்தான் வண்டி ஓட்டினேன்.

திரௌபதியின் சாமான்களை எடுத்துக்கொண்டு சாலம்மாள் மருத்துவமனைக்கு வந்தார். அதில் கஞ்சித் தூக்கு மூடி திறக்காமல் நிரம்ப இருந்தது. நான் கேட்டதற்கு சாலம்மாள், "சக்கரை கம்மியா காட்டுனா அந்தப் பொண்ணு பாஸு, ஜாஸ்தியா காட்டுனா ஃபெயிலுன்னு நெனச்சுக்கினோம்ங்க. அதான் நாங்க யாரும் கஞ்சி குடிக்கல. திரௌபதி மட்டும் சக்கரை மாத்திரைய ரெண்டா போட்டுக்கிச்சு. நீங்கள்லாம் அந்தப் பொண்ண பாத்து மண்டபத்துல சிரிச்சீங்களாமே" என்று சொன்னார். இது பூவிழிக்குத் தெரியாது என்றும், சொன்னால் திட்டுவார் என்று பயந்து சொல்லவில்லை என்றும் சொன்னார்.

அதன் பிறகு பிரபாகரன் இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, பூவிழி கைதானார். அன்று மாலை பிரபாகரன் என் வீட்டுக்கு வந்து, "மெஷின் பழுதுன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிடுவோம் சேட்டு. பழுதுன்னா நம்ம பணம் திரும்ப வரும். சரின்னு சொன்னா நாமதான் கேசுல வருவோம்" என்றார். அவர் சொன்னதில் கணக்கு சரிதான். நான் அவரை அனுப்பிவிட்டேன்.

திரௌபதிக்கு நேற்று கண் திறந்திருக்கிறது. பேச்சு வரவில்லை. பாவாடை என்ற அவர் கணவர், வார்டு வாசலில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வேட்டி மடிப்பை இறக்கிவிட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கம்பெனியை நான் இன்றைக்கும் முழுதாக நம்பவில்லை. அந்த வில்லை ஒரு மழைக்காலம் தாங்குமா, போட்ட பணம் வருமா என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கருவி உண்மையைச் சொன்னது. அது சொன்னதைத்தான் திரௌபதியும் வாயால் சொன்னார். இரண்டையும் நான் நம்பவில்லை.

மேற்படி வாக்குமூலத்தை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் ஓரிடத்தில் 'பழுதான கருவி' என்று எழுதியிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். புகாரில் அப்படி இருப்பதால் வழக்கமாக எழுதியது என்று ஆய்வாளர் சொன்னார். 'பழுதான' என்ற சொல்லை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். போலீசில் கொடுக்கும் வாக்குமூலத்துக்குக் கையெழுத்து தேவையில்லை என்றும் அவர் சொன்னார். எனக்கு யார் மேலும் நம்பிக்கை வராது, என் மேலும் இப்போது இல்லை. நாளைக்குப் பிரபாகரன் மறுபடி வந்து பேசினால் நானே மாறிவிடக் கூடாது என்பதற்காக, கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுகிறேன். சொன்னது எல்லாம் நடந்தது. நடக்காத ஒரு சொல் இதில் இருந்தது, அதையும் அடித்தாயிற்று.

(ஒப்பம்) வே. சேட்டு