இரண்டுக்குப் பக்கத்தில் ஒரு எண்

கர்ப்பிணிகளிடம் ரத்தம் எடுப்பவனுக்குக் கொஞ்சம் பேச்சுத் திறமை வேண்டும், ஐயா. எனக்கு அது உண்டு. ஊசி இறங்கும் முன்பே சிரிக்கவைத்துவிடுவேன்.

தைராய்டு பரிசோதனைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. ஒருத்தி ரிசல்ட் வந்ததா என்று போன் மேல் போன் போடுவாள். அவளுடைய மாமியார் தனியாகப் போடுவார். இன்னொருத்தி, "மெதுவா குடுங்க, அவசரமில்ல" என்பாள். எங்கள் இயந்திரம் ஒரு தடவைக்கு, ரத்தம் நிரப்பிய குழாய்களை ஒரு தட்டு மட்டும்தான் ஏற்கும். சாயங்காலம் மிஞ்சுகிற ஒன்றிரண்டு குழாய்களுக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கும் வீடு வாசல் உண்டே. மிஞ்சுவது எப்போதும் இரண்டாம் வகைதான். அவர்களுக்கு முகத்தைப் பார்த்தே இரண்டுக்குப் பக்கத்தில் ஒரு எண் போட்டுவிடுவேன்; இரண்டு என்றால் குறையில்லை என்று அர்த்தம். ஒரே எண்ணாக இருந்தால் டாக்டரம்மாவுக்கு அலுப்புத் தட்டுமே என்று புள்ளிக்குப் பின்னால் மட்டும் மாற்றுவேன்.

நீங்கள் விசாரிக்க வந்த தையல்காரி இரண்டாம் வகை.

"அண்ணே, மெஷின் மேலேயே தூங்கி விழறேன். நேத்து ஒரு சட்டைக்கு மூணு கை வச்சுட்டேன்."

"உள்ள இருக்கிறது இப்பவே அளவு குடுக்குதும்மா."

விழுந்து விழுந்து சிரித்தாள். இப்படிச் சிரிப்பவளுக்கு என்ன குறை இருந்துவிடும்? நல்ல எண்ணாகவே போட்டேன். குழந்தை தங்கவில்லை.

அவளுடைய ரத்தம் குளிர்பெட்டியில் மிச்சம் இருந்தது. ஓர் ஆர்வத்தில் ஓட்டிப் பார்த்தேன். நாலுக்குள் இருக்க வேண்டியது இருபதைத் தாண்டியது. தினமும் காலையில் ஒரு சின்ன மாத்திரை போட்டிருக்கலாம். அதனால்தான் கலைந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை.

மறுவருடம் மறுபடி வந்தாள். "வேற எங்கயும் போக மாட்டேண்ணே. நீங்க குத்தினா வலிக்கறதே இல்ல."

அன்று முதல் குழாயாக அவளுடையதைத்தான் வைத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எண் இன்னும் ஏறியிருந்தது. அப்படியே கொடுத்தால், போன தடவை மட்டும் எப்படிச் சரியாக இருந்தது என்று டாக்டரம்மா கேட்பார். பேச்சு எங்கெங்கோ வளரும்.

"இந்தத் தடவையாவது நல்லாருக்காண்ணே?"

"போன தடவை மாதிரியேதாம்மா."

அந்தக் குழந்தையும் தங்கவில்லை என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஐயா, அவ்வளவு நம்பிக்கையோடு கையை நீட்டுகிற பெண்ணிடம், உனக்கு நோய் இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு எனக்குக் கல் மனசு கிடையாது.