மூண்டு செக்கன்

இல்லை வலன்ரைன் அண்ணை, வேகமான புரோகிராம் இல்லையெண்டு நான் சொல்லேல்ல. இருக்கு. உங்கட கொம்பியூட்டருக்குப் போடமாட்டன் எண்டுதான் சொல்லுறன். கோவிக்காதேங்கோ. கொட்டாஞ்சேனையிலயிருந்து இதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறியள். தேத்தண்ணியைக் குடியுங்கோ, என்ர தங்கச்சி கௌரி போட்டது.

ரெண்டு புரோகிராமையும் நானே போட்டுப் பாத்தனான், போன மாசியில. இந்த ஒழுங்கை முடியிற இடத்தில ஒரு லொட்ஜ் இருக்கெல்லோ, அங்கத்தை மெஷினில. கையில மணிக்கூடு, மடியில கொப்பி. இந்தா பாருங்கோ. லொட்ஜ் ஃபைல் பெரிசு, ரெண்டு வருஷமா வந்து தங்கின எல்லாரும் அதில. சாதாரண புரோகிராம் அதை சேவ் பண்ணப் பத்தொன்பது செக்கன். மற்றது மூண்டு.

ஓம், மூண்டுதான். எனக்கும் சந்தோஷம். பைத்தியக்காரன் மாதிரி தனியச் சிரிச்சனான்.

எப்பிடியெண்டா, அது டிஸ்க்கில உடனை எழுதாது. கரண்ட் இருக்கிறவரைக்கும் நிக்கிற மெமரியில வச்சுக்கொண்டு, பிறகு ஆறுதலா எழுதும். திரையில மட்டும் எல்லாம் முடிஞ்சுதெண்டு காட்டும். எவ்வளவு நேரம் வச்சிருக்கலாமெண்டு நாங்கள் சொல்லலாம். நான் ஒரு நிமிஷம் எண்டு குடுத்தனான். ஏனோ? கொப்பியில இன்னும் நல்ல கணக்கு வரட்டுமெண்டு. வேற என்ன.

அண்டைக்குக் காலமை கௌரியின்ர மனிசன் சிவானந்தன் வவுனியாவால கொழும்புக்கு வந்து சேந்தவன். இந்த வீட்டுக்காரர் புது ஆளை ஏத்தமாட்டன் எண்டிட்டார். அதாலதான் லொட்ஜ். தங்கிற ஆக்களின்ர லிஸ்ட் ஒவ்வொரு நாளும் பொலிசுக்குப் போகவேணும், உங்களுக்குத் தெரியும்தானே. அவன்ர பேர், அடையாள அட்டை நம்பர் எல்லாம் நான்தான் அடிச்சனான். சேவ் பண்ணினன். மூண்டு செக்கன். கொப்பியில எழுதினன்.

எழுதி முடிய கரண்ட் நிண்டு போச்சுது.

அரை மணித்தியாலத்தால வந்தது. மனேஜர் நமசிவாயம் லிஸ்ட்டைத் தாரும், தாரும் எண்டு நிண்டார். பிரின்ட் அடிச்சுக் குடுத்தன். எண்ணிப் பாக்கேல்ல. என்னத்துக்கு எண்ணிறது, சேவ் ஆனதை என்ர கண்ணால கண்டனான்.

இருபத்திமூண்டு பேர் தங்கியிருந்தவை. பேப்பரில இருபத்திரெண்டு.

பின்னேரம் ஜீப் வந்தது. லிஸ்ட்டில பேரில்லாத ஆள் ஆரெண்டு கேட்டு, அவனை ஏத்திக்கொண்டு போச்சினம். எட்டு மாசமாச்சு. நாங்கள் தேடிப் போகாத இடமில்லை. எங்க கேட்டாலும் அவையின்ர லிஸ்ட்டிலயும் அப்பிடியொரு பேரில்லையாம்.

இல்லை அண்ணை, நான் அழேல்ல. முதல் அழுகை வரும், இப்ப ஒண்டும் வருகுதில்லை. சாப்பிடுறன், வேலை செய்யிறன். அவ்வளவுதான்.

உங்களுக்கு அந்தப் பத்தொன்பது செக்கன்காரனையே போட்டுவிடுறன். பாத்துக்கொண்டு இருங்கோ, ஒண்டும் குறைஞ்சு போகாது.

கௌரியோ? அவ நமசிவாயத்தைத்தான் திட்டுறா. தன்ர மனிசன்ர பேரை அவர்தான் விட்டிட்டாராம். ரோட்டில கண்டா மண் அள்ளித் தூற்றுறா. அந்தாள் தலையைக் குனிஞ்சுகொண்டு போறார், தான்தான் எங்கயோ பிழை விட்டிட்டனெண்டு நினைக்கிறார்போல.

மெல்லக் கதையுங்கோ, அண்ணை. தேத்தண்ணிக் கோப்பை எடுக்க வாறா.