ரயர் அரியநாயகத்தாரின் வளவு

அந்தக் கதிரையில இருக்காதையுங்கோ தம்பி, அதின்ர ஒரு கால் சும்மா முட்டுக் குடுத்தது. இதில இருங்கோ. இது பெட்போர்ட் லொறியின்ர முன் சீற்று, ஆனையே இருந்தாலும் அசையாது. எங்கட வீட்டில இருக்கிறது, படுக்கிறது எல்லாம் ஏதோ ஒரு லொறியின்ர துண்டிலதான். இவர் இப்ப வந்திடுவார், குறிகட்டுவான் துறையில ஒரு வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டப் போனவர். நீங்கள் சுகாதாரப் பகுதியில இருந்துதானே வந்தனீங்கள்? உந்தத் தொப்பியைக் கண்டவுடனை விளங்கிட்டுது.

ஓம், உதுகள்தான் ரயர். வேலிக்கு மேலால கறுப்பாத் தெரியிறது முழுக்கக் கார், லொறியளின்ர பழைய ரயர்தான். புதுசா வந்த தபால்காரர், புங்குடுதீவில மலை இருக்கெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே எண்டு கேட்டவர்.

எப்பிடி இவ்வளவு சேந்ததெண்டோ? அது பெரிய கதை. ஊருக்குள்ள அரியநாயகம் எண்டு விசாரிச்சால் ஒருத்தருக்கும் தெரியாது, ரயர் அரியநாயகம் எண்டு கேக்கவேணும். நான் புருசன்ர பேர் சொல்லேல்லைத் தம்பி, ஊர் சொல்லுறதைச் சொல்லுறன். தெற்கில, சிங்களப் பக்கம், எங்கட ஆக்கள் எல்லாரும் கடை வச்சிருந்தவை, இவர் ஒரு கராஜில வேலை செய்தவர். ஐம்பத்தெட்டில கலவரத்தோட மற்றவை நகைநட்டை மடியில கட்டிக்கொண்டு ஓடிவர, இவர் ஸ்பனர் பெட்டியோட வந்திறங்கினார். வந்து, ஓடி முடிஞ்ச கார், லொறியளை வாங்கி உடைக்கத் தொடங்கினார். நல்ல தொழில், குறை சொல்லக்கூடாது. இரும்பு கொழும்புக்குப் போகும், எஞ்சின் வள்ளத்துக்குப் போகும், கண்ணாடி அலுமாரிக்குப் போகும். ரயர் மட்டும் ஒரு இடமும் போகாது. தேஞ்சு மொட்டையாப் போன ரயரை ஆர் கேப்பினம்?

முதல்ல செருப்பு வெட்டினார். எங்கட கிராமச்சங்கத் தலைவர் விஸ்வலிங்கத்தாருக்கு ஒரு சோடி இலவசம். வலக்கால் மொறிஸ் மைனர் கார் ரயர், இடக்கால் லொறி ரயர். பாவம் மனிசன், ஒரு மாசம் ஒரு பக்கம் சரிஞ்சு நடந்து திரிஞ்சார். செருப்பு வியாபாரம் அதோட சரி.

பிறகு எரிப்பம் எண்டு நாலைக் கொளுத்தினார். அண்டைக்கெண்டு காத்துத் திரும்பி, புகை கடலைத் தாண்டி நயினாதீவுக்குப் போட்டுது. வெள்ளை வேட்டியோட அம்மன் கோயில் பூசைக்குப் போன குஞ்சிதபாதக் குருக்கள் கரி வேட்டியோட வெளியில வந்தவராம். அடுத்த லாஞ்சிலயே இஞ்ச வந்து நிண்டார். அரியநாயகம், அம்மனுக்குச் சாம்பிராணி போடுறது என்ர வேலை, நீர் ஏன் அந்தரப்படுறீர் எண்டு கேட்டார்.

கடலோ? அதையும் விடேல்லை. வண்டில் பிடிச்சு இறுப்பிட்டிக் கரையில நாற்பது ரயரைத் தள்ளிப்போட்டு வந்து நிம்மதியாச் சாப்பிட்டார். எங்கட கடல் முழங்கால் ஆழம் எண்டு இவருக்குத் தெரியாதே? நாலாம் நாள் அல்போன்சம்மா வந்தா, ஊர்காவற்றுறைப் பக்கத்து மனிசி. அவவின்ர புருசன்ர வலை ரயரில கொழுவி நார்நாராக் கிழிஞ்சு போச்சு. வலையையும் ரயரையும் ஒரே வண்டிலில ஏத்திக்கொண்டு வந்து வாசலில கொட்டினா. அக்கா, உங்கட மனிசன் கடலில விதைச்சது நல்லா விளைஞ்சிருக்கு, அறுவடை கொண்டந்தனான் எண்டா. வலையை ஆர் பொத்திக் குடுத்தது? நான்தான். மூண்டு நாள் இருந்து பொத்தினனான்.

மண்ணுக்குள்ள புதைக்கலாமெண்டு கிடங்கு வெட்டினால் ரெண்டடியில கல்லு. இரும்பு அலவாங்குதான் வளைஞ்சுது.

கிராமச்சங்கமோ? அவை சும்மா இருப்பினமோ, ஆறு பேரை ஒரு குழுவாப் போட்டவை. குழு வந்து, நீங்கள் இருக்கிற அதே சீற்றில இருந்து, தேத்தண்ணி குடிச்சு, வடை சாப்பிட்டு, ரயர் வட்டமா இருக்கெண்டு ஒரு அறிக்கை எழுதிக் குடுத்திட்டுப் போச்சுது. பகிடி இல்லைத் தம்பி, நான் வாசிச்சனான். வட்ட வடிவமான பொருட்கள் அவதானிக்கப்பட்டன எண்டு கிடந்தது.

அதுக்குள்ள ஆரோ ஒரு புண்ணியவான் இவரிட்ட, இனி வெளிநாட்டு ரயர் வராதாம், அரசாங்கம் நிப்பாட்டப் போகுதாம் எண்டு சொல்லிப்போட்டான். அண்டையில இருந்து உதுகள் ரயர் இல்லை, பவுண். விடிய எழும்பித் தேவாரம் படிக்க முதல் மலையை ஒருக்கால் சுத்தி வருவார். நான் ஒரு ரயரை எடுத்து ஆட்டுக்குத் தண்ணி வச்சதுக்கு ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை.

தண்ணியோ? ஓம் தம்பி, அதைத்தான் சொல்ல வந்தனான். ஒரு மழை பெஞ்சால் எங்கட கிணத்தில தண்ணி நிக்குதோ இல்லையோ, ரயருக்குள்ள நிக்கும். ஒவ்வொண்டுக்குள்ளயும் நுளம்புப் புழு நெளியும். பொழுதுபட்டால் நுளம்புக் கடியில குசினிக்குள்ள நிண்டு சமைக்க ஏலாது. நான் சிரட்டையால இறைச்சுப் பாத்தனான். அடியில நூறு, மேல நூறு, எத்தினையை இறைக்கிறது?

எங்கட மகள் அம்பிகைக்கு ஒரே வருசத்தில மூண்டுதரம் காய்ச்சல். மூண்டாந்தரம் என்னைப் பாத்து, ரீச்சர், நான் நாளைக்கு வருவன் எண்டாள். சன்னி. ஆசுப்பத்திரிக்குக் கொண்டோகவேணும். வளவுக்குள்ள பதினொரு கார் நிக்குது தம்பி, ஓடுறது ஒண்டும் இல்லை. மொறிஸுக்கு எஞ்சின் இல்லை, ஒஸ்ரினுக்குச் சில்லு இல்லை. மாட்டு வண்டிலில வைக்கலைப் போட்டுக் கிடத்திக்கொண்டு போனம். வழி முழுக்க இவர் பிள்ளையின்ர காலைப் பிடிச்சுக்கொண்டு அழுதவர். கெட்ட மனிசன் இல்லை. வந்து அடுத்த நாள் திரும்பவும் மலையைச் சுத்தினார்.

பிள்ளை தப்பிட்டாள். சோதினை எழுதேல்லை, தலைமயிர் பாதி கொட்டுண்டுது. உள்ளதான் படுத்திருக்கிறாள். இன்னொருக்கால் வந்தால் தாங்கமாட்டாள் எண்டு டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவர். மாரி மழை வர இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு. நான் அழுது கேட்டன், சாப்பிடாமல் கிடந்தன். விலை ஏறட்டுமப்பா எண்டுதான் சொல்லுறார்.

என்ன, பெட்டிசமோ? எங்கட ரயரைப் பற்றி ஆரோ உங்களுக்கு எழுதினவையோ? காட்டுங்கோ பாப்பம். உதைக் கண்டால் இவர் முதல் தலைவரில சந்தேகப்படுவார், பிறகு குருக்களில, பிறகு அந்த அல்போன்சம்மாவில. கீழ என்ன போட்டிருக்கு? இப்படிக்குப் பொதுமக்கள்.

பொதுமக்கள் நான்தான் தம்பி. இடக்கையால எழுதினனான், அதுதான் எழுத்துக் கோணல்.

மெல்ல, மெல்ல. படலைச் சத்தம் கேக்குது, அவர்தான் வாறார். முதல்ல என்னை ஏசுங்கோ, வீடு வச்சிருக்கிற லட்சணம் இதோ எண்டு நல்லாக் கத்துங்கோ. நான் அழுவன், நீங்கள் இரங்கிப் போடாதையுங்கோ. பிறகு ரயரை அப்புறப்படுத்த அவருக்குப் பத்து நாள் தவணை, அதுக்குப் பிறகு கோட்டில வழக்கு எண்டு சொல்லுங்கோ. கோடு எண்டால்தான் பயப்பிடுவார்.

இஞ்சருங்கோ, வந்திட்டியளே? இந்தத் தம்பி கனநேரமா இருந்து ரயர், ரயர் எண்டுறார். எனக்கு ஒரு கோதாரியும் விளங்கேல்லை.