கழற்றி வைத்த கப்பல்

லண்டனில் கட்டி சார்க் என்ற பழைய கப்பல் எரிந்த கிழமை அது. புளியந்தீவுக்கு வந்த எங்கள் பஸ்ஸை ராணுவச் சோதனைச் சாவடியில் மறித்து, எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் படகு எஞ்சின் திருத்தும் பாஸ் ஒருவரும் அவருடைய மீன்பிடிக்காரச் சினேகிதரும் நின்றார்கள்.

"அந்தக் கப்பலைக் காப்பாத்தினது என்னப்போல ஒரு சோம்பேறிப் பாஸ்தான் மச்சான்" என்றார் பாஸ்.

"எந்தக் கப்பல்கா?"

"சீனாவில இருந்து தேயிலை ஏத்திக்கொண்டு லண்டனுக்குப் பறந்த பாய்க்கப்பல். ஒருக்கா நடுக்கடலில சுக்கான் உடைஞ்சும் வந்து சேந்திட்டு. பிறகு நீராவிக் கப்பல் வந்து அதிட பிழைப்பைக் கெடுத்திட்டு. கடைசியில கரையில ஏத்திக் காட்சிக்கு வச்சிருந்தாங்க. இப்ப தீப்பிடிச்சிட்டு. ஆனா பாய்மரமும் பாதிப் பலகையும் திருத்தக் கழட்டினபடி வேற இடத்தில கிடந்து தப்பிட்டாம். வேலை நேரத்துக்கு முடிஞ்சிருந்தா எல்லாம் சாம்பல்."

"என்ட எஞ்சினும் அப்படித்தானே. நாளைக்கு, நாளைக்கு எண்டு கடலுக்குத் தூரமா உன்ட வந்தாறுமூலைக் கடையில போட்டு வச்சிருந்தாய். சுனாமியில வீடும் போயிட்டு, வள்ளமும் போயிட்டு. எஞ்சின் மட்டும் மிச்சம்."

"பாத்தியா? அப்பவே திருத்தித் தந்திருந்தா?"

"இண்டைக்கும் தரயில்லையே மச்சான்."

வரிசை ஓரடி நகர்ந்தது.

"சண்டையும் முடியட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டிருக்கன்."

மீன்பிடிக்காரர் சிரிக்கத் தொடங்கி, முன்னால் நின்ற துப்பாக்கியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஓம், அவசரமில்ல. அங்கயே கிடக்கட்டும்."